ஏறுவதற்கு முன்

முந்தலில், மலைச்சாலை ஏறத் தொடங்குகிற இடத்தில், காலை ஆறு மணிக்கெல்லாம் ஜீப்புகள் வந்து நிற்கும். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிறவை. எட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினைந்து பெண்கள் தூக்குவாளியும் சாக்குமாக அடைந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கு ஊன்றுகோலோடு ஒரு பெண் ரோட்டின் நடுவில் வந்து நிற்பார். ஓட்டுநர் பக்கமாகப் போய், அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தை நீட்டி ஒரே வார்த்தை சொல்வார்.

“ஊது.”

அவன் ஊதுவான். அவர் ஒரு நொடி கண்ணை மூடுவார். பிறகு கையை அசைத்தால் வண்டி போகலாம்.

அவர் போலீஸ் இல்லை. எந்தச் சங்கத்திலும் இல்லை. யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவும் இல்லை. புதிதாக வருகிற ஓட்டுநர்கள் சிரிப்பார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொல்வார்கள். பழையவர்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே வாயைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் பெயரை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எழுபதுகளின் கடைசியில் அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சேர்ந்த கொஞ்ச நாளில் அக்கா அங்கே வந்தார். கட்டுப் பிரித்து அதிக நாள் ஆகாத கால். பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை, தங்கையின் மகள். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அக்கா சொன்ன முதல் பேச்சு வழக்கைப் பற்றியது அல்ல.

“கீழ எங்கயோ காய் நனைஞ்சு கெடக்குங்கய்யா.”

எங்கள் ஆபீசுக்குக் கீழே ஓர் ஏலக்காய் வியாபாரியின் குடோன். வக்கீல் சிரித்துக்கொண்டே ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார்கள். பின்சுவர் கசிந்து கடைசி வரிசையில் இரண்டு மூட்டை ஈரமாகியிருந்தது.

அந்த மூக்கு ஊரறிந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வருஷக்கணக்காகக் குடோன்களில் காய் பொறுக்கியவர். மூட்டையைப் பிரிக்காமலே எந்தத் தோட்டத்துக் காய், புகை அதிகம் பட்டதா, பழைய காயைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்வார். வியாபாரிகள் ஏலம் கேட்கப் போவதற்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இது எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“எல்லாம் எம்புருசன் பழக்கிவிட்டதுதான். அவரு தெருமுனை திரும்புறப்பவே குடிச்சிருக்காரா இல்லையான்னு தெரிஞ்சாகணும். தெரிஞ்சாத்தான் சோத்துச் சட்டிய ஒளிச்சு வைக்க முடியும். தலையையும் காப்பாத்திக்கிற முடியும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தப் புருஷனை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்து இருந்துவிட்டார். தங்கையின் புருஷன் கேரளாப் பக்கம் வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. இரண்டு பெண்களும் ஒரு குழந்தையுமாக ஒரே அறை.

முந்தலில் அவர் நின்ற நாட்களில் நான் கண்ணால் கண்டது ஒன்று உண்டு. மலையுச்சியில் மேட்டில் எங்கள் ஆபீஸ் கட்சிக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கப் பஸ்சில் போய்க்கொண்டிருந்தேன். முந்தலில் பஸ் நின்றது. முன்னால் ஒரு ஜீப் வழியை மறித்து நின்றிருந்தது. ஓட்டுநர் ஊத மாட்டேன் என்று என்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அக்கா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் வண்டியின் மூக்கில் ஊன்றி நின்றார். வண்டி அசைந்தால் முதலில் அவர்தான் விழுவார். வண்டியிலிருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கிய ஒருத்தி நேராக அவரிடம் வந்தாள்.

“ஏக்கா, இன்னைக்குக் கூலி போச்சு. எம்புள்ளைகளுக்கு நீயா வந்து கஞ்சி ஊத்துவ? பெருசா வந்து மறிக்கிறா!”

அக்கா அடி வாங்குகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கையை எடுக்கவில்லை.

இன்னொன்று எனக்கே பிடிக்காமல் போனது. வயதான ஓட்டுநர் ஒருவர். வயிற்றுக் கோளாறுக்கு மலையாள வைத்தியர் கொடுத்த அரிஷ்டம் குடித்திருந்தார். சீசாவை எடுத்துக் காட்டினார், சாமி மேல் சத்தியம் செய்தார். அக்கா அவரை இறக்கிவிட்டார். சேதி தோட்டத்துக்குப் போய், அந்த வாரமே அவருக்கு வேலை போனது. அக்கா மேல் வழக்குப் போட முடியுமா என்று எங்கள் ஆபீசுக்கே வந்து அழுதுவிட்டுப் போனார். நான் அக்காவிடம் சண்டை பிடித்தேன்.

“அது மருந்துக்கா. ஒங்களுக்கு வாடையில வித்தியாசம் தெரியலையா?”

“தெரியும் தாயி. அரிஷ்டந்தான்னு அவரு ஊதறதுக்கு முன்னாடியே தெரியும். அதுலயும் கொஞ்சம் போதை இருக்குல்ல.” ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். “இது பரவாயில்லன்னு ஒருத்தர விட்டேன்னு வையி, நாளைக்கு இன்னொருத்தர விட்ருவேன். எனக்கு என்னையத் தெரியும்.”

எனக்கும் அப்போது அவரைத் தெரிந்திருந்தது.

விபத்து நடந்தது காய் எடுப்புக் காலத்தில். அந்தப் பருவத்தில் குடோனைவிட மலையில் கூலி கூட என்பதால் அக்காவும் தங்கையும் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டத்து முதலாளியின் வீடு போடியில். ஜீப் அவருடையது. ராத்திரி அவர் வீட்டு முன்னால் நிற்கும். காலையில் ஓட்டுநர் அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்து ஆட்களை ஏற்றுவான். அந்த நாளில் கீழே மதுவிலக்கு. மேட்டைத் தாண்டினால் கேரளம், அங்கே சாராயக் கடை திறந்தே இருக்கும். சாயங்காலம் இறங்குகிற ஓட்டுநர்கள் சிலர் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டிலும் கொண்டுவருவார்கள். மிச்சம் இருப்பதைக் காலையில் குடிப்பார்கள்.

மலைச்சாலையில் புலியூத்துக்கு மேலே ஒரு வளைவில் ஜீப் திரும்பவே இல்லை. நேராகப் பள்ளத்துக்குள் போய்விட்டது. அக்காவின் தங்கையும், கல்யாணமாகி நாலு மாதமான ஒரு பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். அக்காவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டுநர் சிராய்ப்போடு எழுந்து, அக்காவை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, மலையேறி அந்தப் பக்கம் போய்விட்டான். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவன் ரத்தத்தில் எதைத் தேட?

நஷ்டஈடு கேட்டு இரண்டு மனுக்கள் போட்டோம். ஒன்று, தாயை இழந்த குழந்தைக்காக. இன்னொன்று, அக்காவின் காலுக்காக. முதலாளி தரப்பிலிருந்து பதில் வந்தது. மூடுபனி, மழையில் ரோட்டோரம் சரிந்திருந்தது, ஓட்டுநர் குடிக்கவே இல்லை, தெய்வச் செயல். கடைசிப் பத்தியில், அப்படியே அவர் குடித்திருந்தாலும் அது தெரிந்தே ஏறியவர்கள் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாது என்று இருந்தது.

வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “குடிக்கலங்குறான். குடிச்சது தெரிஞ்சே ஏறுனாங்கன்னும் சொல்றான். ரெண்டு கதவையும் தொறந்து வச்சிருக்கான் பாரு.”

பிறகு அக்காவை எதிரே உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். “இந்தாம்மா. அவன் குடிச்சிருந்தான்னு சொல்ல ஒங்கள விட்டா ஆள் இல்ல. மத்த பொம்பளைக எல்லாம் அதே தோட்டத்துல சோலி பாக்குறவங்க, வரமாட்டாங்க. வாடை எப்பத் தெரிஞ்சதுன்னு கேப்பாங்க. வண்டி விழுந்தப்புறம், அவன் ஒங்கள இழுத்துப் போட்டப்பத்தான் தெரிஞ்சதுன்னு சொல்லணும். ஏறுறதுக்கு முன்னாடின்னு மட்டும் வாயில வந்துறக் கூடாது. வந்தா, புள்ளைக்குக் கெடைக்கிறது பாதியாப் போகும். ஒண்ணுமில்லாமலும் போகும்.”

“சரிங்கய்யா.”

“எப்பத் தெரிஞ்சது?”

“விழுந்தப்புறங்க.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சரியாகச் சொன்னார்.

மதுரையில் விசாரணை வர மூன்று வருஷம் ஆனது. வக்கீல் முதல் நாளே போய்விட்டார். அக்காவையும் வழக்குக் கட்டையும் காலை ரயிலில் நான் கூட்டிப்போனேன். தேனி தாண்டியதும் திடீரென்று கேட்டார்.

“கோர்ட்டுல நான் சொல்றத எழுதிக்கிருவாங்கல்ல தாயி, அத பின்னாடி யாரு வேணாலும் படிக்கலாமா?”

“மனுப் போட்டா நகல் குடுப்பாங்கக்கா. நம்ம கட்டுலயும் ஒண்ணு இருக்கும்.”

“பாப்பாவும் படிக்கலாமா?”

“பெரியவளானா படிக்கலாம்.”

தலையை ஆட்டிக்கொண்டார். உசிலம்பட்டி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெயரை எழுதத் தெரியும். வேறு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் வக்கீல் கேட்டபோது சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். விழுந்தப்புறங்க. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மென்மையாகப் பேசுகிறவர். வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பதுபோலத் தொடங்கினார்.

“ஒங்க மூக்கப் பத்திப் போடி பூராவும் பேசுறாங்களாமே. மூட்டையைப் பிரிக்காமலே காயச் சொல்லிருவீங்களாமே?”

“சொல்லுவேங்க.”

“பத்தடி தள்ளியிருந்தா?”

“சொல்லுவேங்க.”

“அன்னைக்கு டிரைவர்தான் கையக் குடுத்து ஒங்கள ஏத்திவிட்டாரு?”

“ஆமாங்க.”

“அப்ப அவரு எத்தன அடி தள்ளி நின்னாரு?”

அக்கா எங்கள் வக்கீலைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன தேடினார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

“ஏறுறதுக்கு முன்னாடியே தெரியுங்க.”

எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீலின் குரலில் இன்னும் கொஞ்சம் கனிவு கூடியது.

“ஆக, தெரிஞ்சேதான் ஏறுனீங்க. ஒங்க தங்கச்சியும் தெரிஞ்சேதான் ஏறுனாங்க.”

“அவளுக்குத் தெரியாதுங்க.”

“பக்கத்துல நின்னவங்களுக்குத் தெரியாமப் போகுமா?”

“அவளுக்குச் சந்தேகந்தாங்க. ‘அக்கா, இவன் கண்ணு ஒரு மாதிரியா இருக்கே, குடிச்சிருக்கானா?’ன்னு எங்கிட்டக் கேட்டா. நான் இல்லைன்னுட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த நீதிபதி நிமிர்ந்தார். “ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“அந்த வண்டிய விட்டா வேற வண்டி இல்லைங்க. ஒரு நாள் போகலைன்னா கங்காணி அந்த வாரமே வராதன்னுருவாரு. மூணு மாசமா அவன் குடிச்சிட்டுத்தான் ஓட்டுனான், ஒண்ணும் ஆகலைங்க. அன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். தெரியும்னு சொல்லியிருந்தா அவ ஏறியிருக்க மாட்டா. பயந்தவ. நான் இல்லன்னதும் மறுபேச்சுப் பேசாம ஏறி ஓரத்துல ஒக்காந்துக்கிட்டா.”

உட்காரப் போன எதிர்த்தரப்பு வக்கீல் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் கேட்டுவிட்டார்.

“அப்ப தப்பு ஒங்க மேலதான்னு ஒத்துக்கிறீங்க?”

“எம்மேலதாங்க. ஆனா வண்டிச் சாவிய நான் குடுக்கல. தெனம் விடியக்காலம் மொதலாளி கையிலருந்துதான் வாங்கிட்டு வருவான். அவருக்கும் மூக்கு இருக்குல்லங்க.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா சொன்ன சொல்லிலேயே பதியச் சொன்னார்.

தீர்ப்பு வர மேலும் சில மாதம் ஆனது. வேலைக்காரனிடம் வண்டியை ஒப்படைத்தவர் அவன் செய்ததற்குப் பொறுப்பேற்க வேண்டும், கேட்டுப் பார்த்து, இல்லை என்ற பதிலை நம்பி ஏறிய பெண்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது என்று இருந்தது. குழந்தைக்கு முழுத்தொகை. பதினெட்டு வயது வரும்வரை அது பாங்கில் இருக்க வேண்டும். அக்காவின் காலுக்கு, தெரிந்தே ஏறியவர் என்பதால் பாதி. மேல்முறையீடு போகலாம் என்றார் வக்கீல்.

“வேணாங்கய்யா. அந்தப் பாதிய எதுக்குக் குடுத்தாங்கன்னுதான் எனக்குப் புரியல” என்றார் அக்கா.

அடுத்த திங்கட்கிழமை அவர் முதல்முறையாக முந்தலுக்குப் போனார். தங்கை செத்த துக்கத்தில் நிற்கிறார் என்று ஊர் பேசியது. மதுரையில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் ஊரில் வக்கீலும் நானும் மட்டும்தான்.

குழந்தை வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். பதினெட்டு முடிந்து, மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, பாங்குப் பணத்தை எடுக்க மனு எழுதுவதற்காக ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வந்தாள்.

“அம்மா வரலையா?” என்று கேட்டேன். தாய் போன நாளிலிருந்து அக்காவை அவள் அம்மா என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

“அம்மா முந்தல்லருந்து வர ஒம்பது மணி ஆயிரும்க்கா. நீங்க அடிச்சு வைங்க, வந்து கையெழுத்துப் போட்ருவாங்க.”

தீர்ப்பின் தேதியும் எண்ணும் பார்ப்பதற்காகப் பழைய வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தேன். தீர்ப்புக்கு அடியில்தான் அக்காவின் சாட்சியம். அந்த நேரம் வக்கீல் உள்ளேயிருந்து கூப்பிட்டார். கட்டைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். வேறொரு ஃபைலை அதன்மேல் வைத்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கங்களை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

திரும்பி வந்தபோது அவள் கடைசித் தாளில் இருந்தாள். விரல் ஒரு வரிக்குக் கீழே நின்றிருந்தது. அழவில்லை. தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, முன்பு இருந்தபடியே அடுக்கி, நாடாவைக் கட்டினாள். முடிச்சு விழாமல் இரண்டு முறை அவிழ்ந்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன். வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.

மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அக்கா உள்ளே வந்து அவளைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரில் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றியதையே மறுபடி சுற்றினேன்.

அந்தப் பெண் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“ஒக்காருங்க பெரியம்மா. இங்க ஒரு கையெழுத்துப் போடணுமாம்.”

அக்கா உட்கார்ந்தார். பேனாவை வாங்கி எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். படி இறங்கும்போது அவள் எப்போதும்போல அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சண்டை போட்டதாகவோ வீட்டைவிட்டுப் போனதாகவோ கடைசிவரை ஒரு சேதியும் இல்லை. மதுரையில் படித்தாள். லீவுக்கு வந்தாள். வேலை கிடைத்ததும் மாதம் தவறாமல் பணம் அனுப்பினாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வரவில்லை. அக்கா முந்தலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முறிந்த காலில் புண் வந்து சர்க்கரையோடு சேர்ந்துகொண்டது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். நான் ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். அவள் நர்ஸ் உடுப்பில் வந்து, காய்ச்சல் பார்த்து, போர்வையைச் சரிசெய்து, “சாப்பிட்டீங்களா பெரியம்மா?” என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அக்கா அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

“அதுல சேத்தவங்க பேரு, என்ன ஒறவுன்னு எழுதியிருக்காளாம். அடுத்த கட்டில் பொம்பள சொல்லுச்சு. அவ எனக்கு என்ன வேணும்னு எழுதியிருக்கா, படி தாயி.”

அட்டையை எடுத்தேன். அவளுடைய அழகான கையெழுத்து. உறவு என்ற இடத்துக்கு நேரே, தங்கை மகள்.

“மகள்னு எழுதியிருக்காக்கா” என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். கோபம் இல்லை. என் கையைப் பிடித்துக் கட்டில்மேல் உட்காரவைத்தார்.

“ஒனக்குப் பொய் சொல்ல வரல தாயி. எனக்கு நல்லா வந்துச்சு.”